தூத்துக்குடி அனல் மின் நிலையத்துல பெரிய பேட்டரி வெச்சா மதுரைக்கு என்ன கிடைக்கும்?

நீங்க கேட்டதை முதல்ல என் வார்த்தையில ஒருக்கா சொல்லிடுறேன். ஆஸ்திரேலியாவுல மூடுன நிலக்கரி மின் நிலையம் இருந்த இடத்துலயே ராட்சத பேட்டரி கட்டுறாங்கனு படிச்சிருக்கீங்க, நம்ம தூத்துக்குடி அனல் மின் நிலையத்துலயும் அப்படிப் பண்ணா திருப்பரங்குன்றத்துல உங்க வீட்டுக்கு சாயங்காலம் கரண்ட் போகாம இருக்குமானு கேக்குறீங்க. பேட்டரி கரண்டே தயாரிக்காதே, அப்புறம் எப்படி அது பிளான்ட்டுக்கு மாத்தா ஆகும், தீப்பிடிச்சா என்ன கதினும் கேட்டிருக்கீங்க. இதுக்கெல்லாம் அடியில இருக்குற கேள்வி ஒண்ணுதான்னு எனக்குப் படுது: நிலக்கரி நிலையம் இருந்த இடத்துக்கு அப்படி என்ன மவுசு, பேட்டரியை வேற ஏதாவது பொட்டல்ல வெச்சா ஆகாதா? நான் மின் வாரியத்துல சப் ஸ்டேஷன், ரிலே டெஸ்டிங் (லைன்ல கோளாறு வந்தா கண்டுபிடிச்சு துண்டிக்கச் சொல்ற கருவிதான் ரிலே), ப்ரொடக்‌ஷன்னு சர்வீஸ் பூராம் தெக்கத்தி மாவட்டங்கள்லயே இருந்து ரிட்டயர் ஆனவன். லைன், யார்டு, ரிலே பத்தி நான் சொல்றதை நீங்க தைரியமா நம்பலாம். பேட்டரிக்குள்ள நடக்குற கெமிஸ்ட்ரி என் துறை இல்ல, அந்த இடத்துல படிச்சதை வெச்சுத்தான் சொல்றேன்.

மவுசு நிலத்துக்கு இல்ல, யார்டுக்கு, அதாவது பிளான்ட்டுல தயாராகுற கரண்டை லைன்ல ஏத்தி விடுற சுவிட்ச் மைதானத்துக்கு. தூத்துக்குடி நிலையத்துல 210 மெகாவாட் யூனிட் அஞ்சு இருக்கு, மொத்தம் 1050, முதல் யூனிட் 1979ல ஓட ஆரம்பிச்சுது. அந்த 1050 மெகாவாட்டை வெளிய அனுப்புறதுக்குன்னே ஜெனரேட்டர் டிரான்ஸ்ஃபார்மர், பஸ்பார் (எல்லா லைனும் வந்து சேர்ற பெரிய கம்பி), பிரேக்கர் (லைனைத் துண்டிக்கிற சுவிட்ச்), அங்கிருந்து கிளம்புற உயர் அழுத்த லைன் எல்லாம் அன்னைக்கே போட்டாச்சு. நாளைக்கு ஒரு யூனிட்டை மூடுனா அந்த யூனிட்டை யார்டுல சேர்க்குற இடம், பேனு சொல்லுவோம், அது அப்படியே காலியா நிக்கும், லைன்லயும் அம்புட்டுக்கு இடம் இருக்கும். இதையே புதுசா ஒரு பொட்டல்ல ஆரம்பிச்சீங்கன்னா டவர் நிக்குற ஒவ்வொரு வயக்காரர் கிட்டயும் பேசணும், பயிர் இழப்பீடு, கலெக்டர் ஆபீஸ், யாராவது கோர்ட்டுக்குப் போயிட்டா அங்க கொஞ்ச காலம், நடுவுல ரயில்வே கிராசிங், காடு வந்தா வனத்துறை. பேட்டரி பெட்டிகள் கப்பல்ல வந்து இறங்கி ஒன்றரை ரெண்டு வருஷத்துல ஓட ஆரம்பிச்சிடும், லைன் அப்படி வராது. அதனாலதான் உலகத்துல எல்லாரும் பழைய பிளான்ட் இடத்தைத் தேடிப் போறாங்க. நீங்க படிச்சது அநேகமா நியூ சவுத் வேல்ஸ்ல உள்ள லிடெல் பத்தி, 2023 ஏப்ரல்ல மூடுனாங்க, அந்த இடத்துல ஏஜிஎல் கம்பெனி 500 மெகாவாட் பேட்டரி போட எடுத்துச்சு. விக்டோரியாவுல ஹேசல்வுட்னு 1600 மெகாவாட் நிலையம் 2017 மார்ச்ல மூடுனது, 2023ல அங்க 150 மெகாவாட் பேட்டரி வந்துச்சு. இங்கிலாந்துல ஃபெரிபிரிட்ஜ்லயும் இதே கதை.

இந்த ஹேசல்வுட் நம்பரைக் கொஞ்சம் பாருங்க, 1600 போன இடத்துல 150 வந்திருக்கு, அதுவும் 150 மெகாவாட் அவர்தான், அதாவது முழு வேகத்துல விட்டா ஒரு மணி நேரத்துல தீந்துரும். மெகாவாட்டையும் மெகாவாட் அவரையும் பத்திரிகைக்காரங்க போட்டுக் குழப்பாத நாளே இல்ல. கண்மாய் எம்புட்டு தண்ணி பிடிக்கும்ங்கிறது மெகாவாட் அவர், மடையைத் திறந்தா எம்புட்டு வேகமா பாயும்ங்கிறது மெகாவாட். லிடெல் பேட்டரி 500 மெகாவாட், 1000 மெகாவாட் அவர், ரெண்டு மணி நேர சரக்கு. தூத்துக்குடி நிலையம் அஞ்சு யூனிட்டும் முழுசா ஓடுனா ஒரு நாளைக்கு 25,200 மெகாவாட் அவர் தரும். லிடெல் சைஸ் பேட்டரி ஒண்ணை அங்க வெச்சா அதுல நூத்துக்கு நாலு பங்கைத்தான் பிடிச்சு வெச்சிருக்கும். தமிழ்நாடு 2024 மே 2ஆம் தேதி 20,830 மெகாவாட் வரைக்கும் இழுத்துச்சு, அதுல 500ங்கிறது ரெண்டரை பர்சென்ட் கூட கிடையாது. ஆக பேட்டரி நிலக்கரி நிலையத்துக்கு மாத்துன்னு யாராவது சொன்னா அது பொய். சாயங்காலம் ஆறு மணியில இருந்து பத்து மணிக்குள்ள இருக்குற ஒரு கஷ்டமான நேரத்துக்கு அது மாத்து, அம்புட்டுதான், ஆனா அந்த நேரம்தான் நமக்கு விலை ஜாஸ்தியான நேரம்.

பேட்டரி தயாரிக்காதுங்கிறது சரி. பகல்ல வாங்கி ராத்திரி குடுக்கும், நடுவுல நூத்துக்குப் பதினஞ்சு பக்கம் தின்னுரும். கமுதியில மட்டும் 2016ல இருந்து 648 மெகாவாட் சோலார் ஒரே இடத்துல ஓடுது, விருதுநகர், தூத்துக்குடி, திருநெல்வேலி பக்கம் இன்னும் எவ்வளவோ வந்தாச்சு, ஆடி மாசம் கயத்தாறு, ஆரல்வாய்மொழி, கம்பம் பள்ளத்தாக்குல காத்தாலை சுத்துற சுத்துல லோடு டெஸ்பாட்ச்ல (மின் வரத்தையும் தேவையையும் சரிக்கட்டுற கன்ட்ரோல் ரூம்) இருந்து காத்தாலையைக் குறைங்கனு போன் வரும். மத்தியானம் வேணாம்னு தள்ளுறதை சாயங்காலம் எக்ஸ்சேஞ்சுல, அதாவது மின்சாரச் சந்தையில, யூனிட் பத்து ரூபா உச்சவரம்புல நின்னு வாங்குறோம். இதுல பேட்டரி கணக்கு எப்படி வருதுனு ஒரு தோராயம் போடுறேன். 2022ல முதல் பெரிய டெண்டர்ல ரெண்டு மணி நேர பேட்டரிக்கு ஒரு மெகாவாட்டுக்கு மாச வாடகை 10.8 லட்சம் ரூபாய்னு வந்துச்சு, 2025 டெண்டர்கள்ல அது 2 லட்சத்துக்குப் பக்கத்துல இறங்கிடுச்சு, மத்திய அரசு மானியம் சேர்த்துத்தான் அந்த விலை, இருந்தாலும் இறக்கம் இறக்கம்தான். ஒரு மெகாவாட் பேட்டரி தினம் ஒரு தடவை நிரம்பி காலியானா மாசம் 60,000 யூனிட், வாடகையைப் பிரிச்சா யூனிட்டுக்கு மூணே கால் மூணரை ரூபா. பகல் சோலாரை ரெண்டரை ரூபாய்க்கு வாங்குறதா வெச்சுக்கிட்டா லாஸ் சேர்த்து மூணு ரூபா. ஆக ஆறரை ரூபாய்க்குள்ள சாயங்கால கரண்ட். பத்து ரூபாய்க்கு வாங்குறதுக்கு இது எவ்வளவோ தேவல. பகலைச் சேமிச்சு ராத்திரி எடுக்குறது நமக்குப் புதுசும் இல்ல, காடம்பாறை நீர்மின் நிலையத்துல 1987ல இருந்து 400 மெகாவாட் அளவுக்கு தண்ணியை மேல ஏத்தி இறக்கிக்கிட்டு இருக்கோம்.

மூடாம ஓடிக்கிட்டு இருக்குற பிளான்ட்டுக்குள்ளயே பேட்டரி வைக்கலாமாங்கிறதையும் சொல்லணும், ஏன்னா நம்ம ஊருக்கு அதுதான் பொருந்தும், தூத்துக்குடியை இன்னைக்கே மூடுற நிலைமையில தமிழ்நாடு இல்ல. மத்திய அரசோட மின் கம்பெனி என்.டி.பி.சி. தன்னோட நிலக்கரி நிலையங்களுக்குள்ள பேட்டரி வைக்க டெண்டர் விட்டிருக்கு, காரணம் இதுதான்: 210 மெகாவாட் யூனிட் எல்லாம் ஒரே சீரா ஓடுறதுக்குக் கட்டுனது. இப்ப மத்தியானம் சோலார் வந்துட்டா 55 சதவீதத்துக்கு இறக்குங்கிறாங்க, 210ல அது 115, அதுக்குக் கீழ போனா கொதிகலன்ல தீ நிக்கிறதே கஷ்டம், எண்ணெயை ஊத்தித்தான் அணையாம பாத்துக்கணும். தினம் ஏத்தி இறக்குனா டியூப் லீக் வரும், அடுத்து ஷட் டவுன். பக்கத்துல பேட்டரி இருந்தா மத்தியானம் அது கொஞ்சம் இழுத்துக்கும், யூனிட்டு ரொம்பக் கீழ போக வேண்டாம். ஆனா இதுல ஒண்ணை மறைக்கக் கூடாது, அந்த நேரம் பேட்டரிக்குள்ள போறது நிலக்கரி கரண்ட்தான், அதுலயும் பதினஞ்சு பர்சென்ட் வீணாப் போகுது. யூனிட்டைக் காப்பாத்துறதுக்கு இது உதவும், புகையைக் குறைக்கும்னு இதைக் காட்டி விளம்பரம் பண்ணா நான் ஒத்துக்க மாட்டேன்.

எனக்கு ரொம்பப் பிடிச்ச உபயோகம் வேற ஒண்ணு. அதே நியூ சவுத் வேல்ஸ்ல மன்மோரானு 2012ல மூடுன நிலக்கரி நிலைய இடத்துல வாராட்டா பேட்டரின்னு 850 மெகாவாட், 1680 மெகாவாட் அவர் போட்டாங்க. அதோட முதல் வேலை கரண்ட் விக்கிறது இல்ல, லைனுக்குக் காவல் நிக்கிறது. எப்படின்னா ஒரு ஊருக்கு ரெண்டு லைன் போகுதுனு வெச்சுக்கங்க, ரெண்டையும் நாம முழுசா ஏத்த மாட்டோம், ஒண்ணு ட்ரிப் ஆனா, அதாவது கோளாறுல தானா துண்டிச்சுக்கிட்டா, அதோட லோடு பூராம் அடுத்ததுல ஏறும், அது தாங்காம அதுவும் போச்சுனா ஊரே இருட்டு. அதனால எப்பவும் பாதியை ஒட்டியே ஓட்டுவோம், மீதிப் பாதி அவசரத்துக்குனு சும்மா கிடக்கும். இப்ப லைன் முடியுற நகரத்துப் பக்கம் ஒரு பேட்டரி தயாரா நின்னு, அங்கிட்டு லைன் ட்ரிப் ஆன அடுத்த நொடிக்குள்ள இங்கிட்டு கரண்டைத் தள்ளுனா, அதே சமயத்துல அங்கிட்டு இருக்குற ஜெனரேட்டரும் குறைஞ்சா, மிச்ச லைன் தப்பிச்சுக்கும். அப்ப சாதாரண நாள்ல அதே கம்பியில இன்னும் கூட ஏத்தலாம், புது டவர் ஒண்ணு கூட நடாம. தெக்க இருந்து மதுரை வழியா வடக்க போற லைன்கள்ல ஆடிக் காத்து நேரத்துல இதே நெருக்கடிதான். கவனிங்க, இந்த வேலைக்கு பேட்டரி நிக்க வேண்டியது கரண்ட் வந்து சேர்ற பக்கம், கிளம்புற பக்கம் இல்ல. அப்படிப் பாத்தா தூத்துக்குடியை விட மதுரைப் பக்கத்து யார்டு ஒண்ணுதான் இதுக்குச் சரியான இடம். சமயநல்லூர்ல ஃபர்னஸ் ஆயில்ல ஓடுன 106 மெகாவாட் நிலையம் இருந்த மாதிரி இடங்களை நான் முதல்ல பாப்பேன்.

இனி ப்ரொடக்‌ஷன்காரனா ஒரு கவலை, இதைப் பத்தி யாரும் பேசுறதில்ல. நிலக்கரி நிலையம் கரண்ட் மட்டும் தர்றதில்ல. 3000 ஆர்.பி.எம்.ல சுத்துற அந்தப் பெரிய டர்பைனும் ரோட்டரும் எங்கயாவது ஒரு யூனிட் சடார்னு போனா தன்னோட சுழற்சியிலயே ஒரு சில நொடி தாக்குப் பிடிச்சு ஃப்ரீக்வென்சி சரியாம வெச்சுக்கும். அடுத்தது லைன்ல ஃபால்ட் (கம்பி அறுந்து மண்ணைத் தொடுற மாதிரி கோளாறு) வந்தா அந்த ஜெனரேட்டர் தன்னோட ரேட்டிங் மாதிரி அஞ்சாறு மடங்கு கரண்டை அந்த ஃபால்ட்டுக்குள்ள கொட்டும். கேக்க கெட்டது மாதிரி இருக்கும், ஆனா அந்தக் கரண்டைப் பாத்துத்தான் ரிலேக்கு ஃபால்ட்டே தெரியுது. பேட்டரியோட இன்வெர்ட்டர் தன்னோட ரேட்டிங்கை விட ஒரு பத்து இருபது பர்சென்ட் கூடக் குடுக்கும், அதுக்கு மேல தன்னைக் காப்பாத்திக்க அடங்கிடும். நம்ம யார்டுல இருக்குற பழைய ஓவர் கரண்ட் ரிலே அதைச் சாதாரண லோடுனு நினைச்சுக்கிட்டுச் சும்மா இருந்துரும். அறுந்த கம்பி வயல்ல கிடக்கும், ட்ரிப் ஆகாது, அந்தப் பக்கம் மாடு மேய்க்கிறவங்க வந்தா என்ன ஆகும்னு யோசிச்சுப் பாருங்க. அதனால யூனிட்டை எடுத்துட்டு பேட்டரி வைக்கிறப்ப சுத்துப்பட்டு சப் ஸ்டேஷன்ல எல்லா ரிலே செட்டிங்கையும் மறுபடி கணக்குப் போடணும், சில இடத்துல ரிலேயவே மாத்தணும். இதுக்கு வழி இல்லாம இல்ல, ஜெர்மனியில பிப்ளிஸ் அணு மின் நிலையத்துல மூடுன யூனிட்டோட ஜெனரேட்டரை 2012ல நீராவி இல்லாம சும்மா சுத்த விட்டு வோல்டேஜ் தாங்க வெச்சாங்க, ஆஸ்திரேலியாவுல ஹார்ன்ஸ்டேல் பேட்டரியோட இன்வெர்ட்டர்களையே 2022ல ஜெனரேட்டர் மாதிரி நடந்துக்க வெச்சாங்க. நம்ம டெண்டர்ல இதைக் கேட்டு எழுதணும், எழுதலைனா எவனும் இலவசமா தர மாட்டான்.

தீ விஷயம். பயம் நியாயமானது, அதை நான் குறைச்சுப் பேச மாட்டேன். கலிஃபோர்னியாவுல மாஸ் லேண்டிங்னு ஒரு பழைய எரிவாயு நிலையம், அதோட டர்பைன் ஹாலுக்குள்ளயே ரேக் ரேக்கா பேட்டரி அடுக்கி வெச்சிருந்தாங்க, 2025 ஜனவரி 16ஆம் தேதி பிடிச்ச தீயில அந்தக் கட்டடத்துல பெரும்பகுதி போயிடுச்சு, சுத்தி இருந்த ஆயிரத்துக்கும் மேல ஆளுங்களை வீட்டை விட்டு வெளிய அனுப்புனாங்க. அது நிக்கல் சேந்த கெமிஸ்ட்ரி, சீக்கிரம் சூடேறும். இப்ப கிரிட்டுக்கு வர்றது பெரும்பாலும் இரும்பு பாஸ்பேட், அது அதை விட அடக்கமானதுனு துறைக்காரங்க சொல்றாங்க, எரியவே எரியாதுனு யாரும் சொல்லல. காலியா இருக்குற டர்பைன் ஹாலைப் பாத்தா கூரை போட்ட இடம் சும்மா கிடக்கேனு யாருக்கும் ஆசை வரும், வரக் கூடாது, வெளிய திறந்தவெளியில பெட்டிக்குப் பெட்டி இடைவெளி விட்டுத்தான் வைக்கணும். 2021 ஜூலையில விக்டோரியாவுல ஒரு பேட்டரி டெஸ்டிங் பண்றப்பவே பிடிச்சுது, கூலன்ட் கசிஞ்சு ஷார்ட் ஆகி ஒரு பெட்டி எரிஞ்சு பக்கத்துப் பெட்டியையும் பிடிச்சுது, அந்தப் பெட்டியைச் சாவி போட்டு ஆஃப்ல வெச்சிருந்ததுல கண்காணிப்பும் காப்பு வசதியும் வேலை செய்யாம கிடந்திருக்கு. கமிஷனிங், அதாவது முதல் தடவை ஓட்டிப் பாக்குற சமயத்துலதான் ஜாஸ்தி ஆபத்து, இது எந்த ரிலேகாரனைக் கேட்டாலும் சொல்லுவான். தீ பேட்டரிக்கு மட்டும் சொந்தமும் இல்ல, 2025 மார்ச்ல தூத்துக்குடி நிலையத்துலயே கேபிள் பக்கம் பிடிச்ச தீயில யூனிட்டுகள் நின்னுச்சு.

பேட்டரியைப் பராமரிக்கிற பழக்கம் நம்ம ஆளுங்களுக்கு இல்லாம இல்ல. எந்த சப் ஸ்டேஷனுக்குப் போனாலும் ஒரு பேட்டரி ரூம் இருக்கும், ரெண்டு வோல்ட் செல் 55 வரிசையா நிக்கும், மொத்தம் 110 வோல்ட், பிரேக்கர் ட்ரிப் ஆகுறதே அந்தக் கரண்ட்லதான். கதவைத் திறந்ததும் ஆசிட் வாடை மூக்குல ஏறும், எக்ஸாஸ்ட் ஃபேன் ஓடுதான்னு பாத்துட்டுத்தான் உள்ள போவோம், மாதிரிக்குனு எடுத்துக்கிற பைலட் செல்லுல ஹைட்ரோமீட்டரை விட்டு ஆசிட்டோட கிராவிட்டி (அடர்த்தி) பாத்து நோட்டுல எழுதணும், டெர்மினல்ல பச்சை பூத்திருந்தா தொடச்சு வாசலின் தடவணும். அந்த நோட்டை ஒழுங்கா எழுதுன ஸ்டேஷன்ல ஃபால்ட் வந்தா பிரேக்கர் கரெக்டா திறக்கும், எழுதாத ஸ்டேஷன்ல பிரேக்கர் திறக்காம டிரான்ஸ்ஃபார்மரே போயிருக்கு. ஆயிரம் மெகாவாட் அவர் பேட்டரிக்கும் இதே ஒழுங்குதான், பெட்டி ஒவ்வொண்ணுலயும் ஆயிரக்கணக்குல செல், கம்ப்யூட்டர் பாத்துக்கும்னு விட்டுறக் கூடாது. தூத்துக்குடியில கூடுதலா ரெண்டு தொல்லை, கடல் உப்புக் காத்தும் நிலக்கரிச் சாம்பல் தூசியும். உப்பு படிஞ்ச இன்சுலேட்டர் பனி விழுற விடியக்காலையில சடசடன்னு பொறி விடுறதை அந்தப் பக்கம் வேலை பாத்த எல்லாரும் பாத்திருப்பாங்க. பேட்டரி பெட்டியோட கூலிங் ஃபில்டர் சாம்பல்ல அடைச்சா உள்ள சூடு ஏறும். சாம்பல் குளத்தை மூடி அது மேல வைக்கலாம்னு சிலர் சொல்றாங்க, அந்த மண்ணு பாரம் தாங்குமானு சோதிக்காம அதுல கை வைக்கவே கூடாது.

இது வரைக்கும் சொன்னது உறுதியானது. உறுதியில்லாததும் இருக்கு. சித்திரை வெயில் 40 டிகிரி தாண்டுற ஊர்ல இந்தப் பேட்டரி பதினஞ்சு வருஷம் சொன்ன அளவு பிடிக்குமாங்கிறதுக்கு நம்ம ஊர்ல ஓடிப் பாத்த அனுபவம் இன்னும் சேரல, இந்தியாவுல பெரிய சைஸ் பேட்டரியே இப்பத்தான் ஓட ஆரம்பிச்சிருக்கு. வாடகை 2 லட்சத்துலயே நிக்குமா, அந்த விலைக்கு எடுத்தவங்க கட்டி முடிப்பாங்களாங்கிறதும் பாத்துத்தான் தெரிஞ்சுக்கணும். எனக்குக் கேட்டா தூத்துக்குடி யார்டுல யூனிட் ஓய்வு பெறப் பெற ஒரு பங்கு, கமுதி, கயத்தாறு பக்கம் சோலார், காத்தாலை சேர்ற சப் ஸ்டேஷன்ல ஒரு பங்கு, மதுரைப் பக்கம் ஒரு பங்குனு பிரிச்சு வைக்கணும்பேன். அப்புறம் ஒண்ணு, பிளான்ட்டுல நிரந்தரமும் கான்ட்ராக்டுமா ஆயிரக்கணக்குல குடும்பம் பிழைக்குது, பேட்டரிக்கு அதுல சின்னப் பங்கு ஆளே போதும். யூனிட்டை மூடுற தேதியை அறிவிக்கிறதுக்கு முன்னாடி அந்தக் கான்ட்ராக்ட் ஆளுங்களுக்கு, முக்கியமா சாம்பல், கன்வேயர் பக்கம் வேலை பாக்குறவங்களுக்கு, என்ன வழின்னு எழுத்துல சொல்லணும். இதைச் சொல்லாம வர்ற திட்டத்தை நான் ஆதரிக்க மாட்டேன்.

கடைசியா உங்க வீட்டுக்கு வர்றேன். கிரிட்ல கரண்ட் பத்தாம லோடு ஷெட்டிங் பண்றதா இருந்தா அதைப் பேட்டரி குறைக்கும். ஆனா நீங்க எழுதியிருக்கிற மாதிரி சாயங்காலம் பத்து நிமிஷம், அரை மணி நேரம் போய்ப் போய் வர்றது பெரும்பாலும் அந்த ரகமே இல்ல, அது உங்க ஏரியாவுக்கு வர்ற 11 கேவி லைன்ல, ஃபீடர்னு சொல்லுவோம், மரக்கிளை உரசுறது, இல்லைனா உங்க தெரு டிரான்ஸ்ஃபார்மர் ஏசி லோடு தாங்காம ஃபியூஸ் போறது. தூத்துக்குடியில எம்புட்டு பெரிய பேட்டரி வெச்சாலும் அது தீராது. உங்க செக்‌ஷன் ஆபீஸ்ல உங்க வீட்டுக்கு எந்த ஃபீடர், எந்த டிரான்ஸ்ஃபார்மர்னு கேட்டு எழுதி வெச்சுக்கங்க, ரெண்டு வாரத்துக்குப் போன நேரம் வந்த நேரத்தைக் குறிச்சுட்டு அதோட மின் வாரியத்தோட புகார் மையம் மின்னகத்துல புகார் குடுங்க. பக்கத்துத் தெருவுக்கும் அதே நேரத்துல போகுதான்னும் பாத்துக்கங்க, ரெண்டு தெருவுக்கும் சேந்து போனா ஃபீடர், உங்க தெருவுக்கு மட்டும்னா டிரான்ஸ்ஃபார்மர், அதைச் சொன்னாலே லைன்மேனுக்குப் பாதி வேலை முடிஞ்சுரும்.